குடிக்கிற ஆளுக்குத்தான் அடுப்பு

துட்டி வீட்டில் ஒரு மகன் அழுதுகொண்டிருக்கிறான். அப்பாவை உள்ளே கிடத்தியிருக்கிறது. யாரோ அவன் கையில் பேப்பர் கப்பில் டீயைத் திணித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவன் குலுங்குகிற குலுக்கலில் டீ தளும்பி மணிக்கட்டில் வழிகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு பொம்பளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவன் தோளைத் தொட்டு, "அழலாம்யா, யாரு வேண்டாம்னா? டீ ஆறுது. அதக் குடிச்சிட்டு அழு" என்று சொன்னால் அந்த இடம் என்ன ஆகும்?

என்ன ஆனது என்று நான் நேரில் பார்த்தேன். அந்தப் பொம்பளையைக் கோவில்பட்டியிலிருந்து கயத்தாறுக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனவனே நான்தான். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளங்கால் வேர்த்துவிட்டது. செருப்பை எங்கே விட்டோம், ரோட்டுக்கு எந்தப் பக்கமாக ஓடலாம் என்று கண் தேட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பையனோ நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கையிலிருந்த டீயைப் பார்த்தான். மடமடவென்று குடித்தான். குடித்துவிட்டு அழுதான். முன்னைவிட நல்லா, தெம்பா அழுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: "காலையிலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல அந்தப் பிள்ளைக்கு. முகத்தப் பாத்தாலே தெரியலையா? நீங்க என்னத்துக்குக் கொழுந்தனாரே பேய் அறைஞ்சாப்புல உக்காந்திருந்தீய?"

அவள் எனக்கு எதிர் வீட்டு மதினி. சொந்தம் எதுவும் கிடையாது. அவள் புருஷனை நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். அதனால் அவள் மதினி, நான் கொழுந்தன், என் மகளுக்கு அவள் பெரியம்மா. எங்கள் தெருவில் இப்படித்தான், ஒருத்தரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதிலிருந்து மொத்த உறவும் கிளை விட்டுவிடும். மதினி என்று ஆகிவிட்டால் அப்புறம் அவள் கேலிக்கு அப்பீலே கிடையாது.

மதினிக்கு டீ என்றால் கொதிக்கிற டீ. வடிகட்டியிலிருந்து டம்ளருக்கு இறங்கிய மாத்திரத்தில் வாய்க்குப் போகவேண்டும். மற்றவர்கள் ஊதிக்கொண்டிருக்கும்போதே அவள் டம்ளரைக் கவிழ்த்துவிடுவாள். "நாக்கா தார் ரோடா?" என்று ஒருநாள் கேட்டேன். "உங்க நாக்குதான் ரோடு, போற வார பொய்யெல்லாம் அதுலதான போகுது" என்றாள்.

அவள் டீயை அவள் சூடாகக் குடிப்பதில் யாருக்கும் சங்கடமில்லை. அடுத்தவர் டீ ஆறுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அதுதான் சங்கடம். நமக்கெல்லாம் குழந்தை மாடிச் சுவர் மேல் ஏறி நின்றால் ஓடிப்போய்ப் பிடிக்கத் தோன்றுமே, அந்த மாதிரி அவளுக்கு. தெரிந்த ஆளா, தெரியாத ஆளா, கலெக்டரா, கண்டக்டரா, எதுவும் கணக்கில்லை. பத்திரம் பதிய சாட்சிக் கையெழுத்துப் போடப் போன இடத்தில், மேஜையில் ஒரு அதிகாரிக்கு முன்னால் டீ இருந்திருக்கிறது. "ஐயா, ஆறுதுலா" என்று மூன்று தடவை சொல்லி, அவர் எடுத்துக் குடித்த பிறகுதான் பேனாவை வாங்கினாள். ஸ்டேஷனில் ஒருநாள் திருநெல்வேலி வண்டி நிற்கிறது. ஜன்னலோரம் ஒருவர் ஒரு கையில் டீயும் மறு கையில் செல்போனுமாக யாரையோ வைதுகொண்டிருக்கிறார். மதினி பிளாட்பாரத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி நகர்ந்தது. மதினியும் நகர்ந்தாள். "அண்ணாச்சி, அவன அப்புறம் வைஞ்சிக்கிடலாம், டீயக் குடிங்க!" என்று ஜன்னலோடு கூடவே நடந்தாள். அந்த மனுஷன் பயந்துபோய் போனை மடியில் போட்டுவிட்டு டீயைக் குடித்தார். நாங்கள் வழியனுப்ப வந்த என் தங்கை அடுத்த பெட்டியில் கையாட்டிக்கொண்டே போனது எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடவேண்டும். நான் பயந்த சுபாவம் என்று எழுதினால் பயந்த சுபாவக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். கடையில் ஒரு தட்டு கீழே விழுந்து சத்தம் கேட்டால் முதலில் தெருவுக்கு ஓடுகிறவன் நான்தான். வாங்க வந்தவர்கள் உள்ளே நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட எனக்கு ஒருநாள் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. இடது பக்கம். சந்தேகமே இல்லை, முடிந்தது கதை என்று தெரிந்துவிட்டது. கட்டிலில் சாய்ந்து என் மனைவி செல்வியின் கையைப் பிடித்தேன். இந்த மாதிரி நேரத்தில் ஆளுக்கு ஆள் என்னவெல்லாமோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். என் வாயில் வந்தது, "செல்வி, சிலிண்டர் புக் பண்ணியாச்சு" என்பதுதான்.

செல்வி போட்ட சத்தத்தில் எதிர் வீட்டிலிருந்து மதினி ஓடிவந்தாள். ஆட்டோ வந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் என்னைச் செருகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் வயரெல்லாம் ஒட்டி எடுத்துவிட்டு, அந்த நீளக் காகிதத்தை டாக்டரிடம் கொடுத்தார்கள். அவர் காகிதத்தை ஒரு கையில் பிடித்துப் பார்க்கிறார். நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். செல்வி சாமி படத்தைப் பார்க்கிறாள். மதினி எதைப் பார்த்தாள் என்று நான் சொல்லத் தேவையில்லை. டாக்டருக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் இருந்தது.

"சார், ஆறுது."

"என்னம்மா?"

"டீ. ஆடை படிஞ்சிட்டுன்னா நல்லாருக்காது."

டாக்டர் காகிதத்தைக் கீழே வைத்தார். என் உயிரைக் கீழே வைத்தார் என்று படிக்கவும். டீயை எடுத்தார். ரசித்துக் குடித்தார். எனக்கு அந்தக் குடியின் ஒவ்வொரு மடக்கும் தொண்டைக்குழியில் ஏறி இறங்குவது தெரிந்தது. டம்ளரை வைத்துவிட்டு, "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்றார்.

"கடலை மிட்டாய் சார்."

"எத்தனை?"

"பாக்கெட்."

"கேஸ்தான். நடந்து போங்க, சரியாயிடும்" என்றார்.

வெளியே வந்ததும் மதினியைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் மதினி, நான் செத்துக்கிட்டிருக்கேன், உங்களுக்கு அந்த ஆளோட டீ முக்கியமா?"

"கொழுந்தனாரே, நீங்க சாவுறதா இருந்தா அவரு அந்தக் காகிதத்த அவ்வளவு நேரம் கையில வச்சிருப்பாரா? அப்பவே தெரிஞ்சு போச்சு எனக்கு. பொறவு டீயாவது வீணாகாம இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

இதெல்லாம் சிரிக்கிற கதை. செல்வி எனக்கு ஒரு சிரிக்காத கதையும் சொல்லியிருக்கிறாள். அண்ணாச்சி லாரி ஓட்டிய காலம். தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போவார். திரும்பி வரும்போது கயத்தாறு தாண்டியதும் போன் பண்ணுவார். போன் வந்ததும் மதினி பாலை அடுப்பில் வைப்பாள். லாரி தெருமுனையில் திரும்பும்போது டீ கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு ஐப்பசி மழையில் கயத்தாறு தாண்டிவிட்டேன் என்று போன் வந்தது. மதினி டீயை வடிகட்டி டம்ளரிலும் ஊற்றி வைத்துவிட்டாள். லாரி வரவில்லை. ரோட்டைக் கடந்த ஆட்டு மந்தைக்காக ஒதுங்கியவர் மண்ணில் இறங்கிவிட்டார். நனைந்த கரிசல் டயரைப் பிடித்தால் விடாது. வண்டி அப்படியே சாய்ந்துவிட்டது. ஆட்களெல்லாம் வந்து மதினியைக் கூட்டிக்கொண்டு போகும்போதும் அந்த டம்ளர் ஆடை படிந்து அடுப்பு மேடையில் இருந்ததாம். அண்ணாச்சிக்கு ஒரு கால் போனது மாதிரிதான். பிழைத்துக்கொண்டார். லாரியை விட்டுவிட்டு ஒரு மில்லில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அதற்கப்புறம் மதினி யாருக்காகவும் முன்கூட்டி டீ போட்டதில்லை. ஆள் வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

அதுதான் காரணமா என்று நான் ஒரு தடவை மெல்லக் கேட்டும் பார்த்தேன். "உங்களுக்குப் பாத்திரம் விக்கது போதாதா, கதை வேற கட்டுதீயளா?" என்றாள். "ஆறினா டீ கசக்கும். அம்புட்டுத்தான்."

மதினி வீட்டுப் பின்வாசலில் தினமும் நாலரை மணிக்கு ஒரு கூட்டம் சேரும். பெரிய கூட்டம் இல்லை: மதினி, செல்வி, பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்க்கிற என் மகள் பவி. பவி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வராமலே நேரே எதிர் வீட்டுக்குள் போய்விடுவாள். இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் சிரிப்பும் தெருவைத் தாண்டி வரும். அவர்கள் சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும். அங்கே பேச்சு எவ்வளவு வேண்டுமானாலும் ஆறிக் கிடக்கலாம், டீ ஆறக்கூடாது. பவி வகுப்பில் நடந்ததைக் கைநீட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "ஏட்டி, குடிச்சிட்டுச் சொல்லு" என்று அதட்டல் வரும்.

பவிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் என் தூக்கம் போயிற்று. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள், சம்மதம் என்று ஆகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட மாட்டார்கள் என்று அர்த்தம். சில குடும்பங்களில் சாப்பாடு மட்டும்தான் கணக்கு. டீ காபி குடிப்பார்கள். சிலர் டீயையும் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். எங்களுக்கு வாய்த்ததெல்லாம் சேர்க்கிற கட்சி. டீ வைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், அது மரியாதை இல்லை. வாங்கி முன்னால் வைத்துக்கொள்வார்கள். குடித்தால் சம்மதம். குடிக்காமல் எழுந்துபோனால், "யோசிச்சுச் சொல்லி விடுதோம்" என்று அர்த்தம். அந்தச் சொல்லி விடுதலுக்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களைக் கேட்டால் தெரியும்.

முதலில் வந்தவர்கள் யோசித்துச் சொல்லி விடுவதாகப் போனார்கள். நான் இரவெல்லாம் ஆராய்ந்து தவறு எவர்சில்வர் டம்ளரில் இருப்பதாகக் கண்டுபிடித்தேன். பாத்திரக் கடைக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? இரண்டாவது ஆட்கள் வந்தபோது கடையிலிருந்து புதுக் கண்ணாடி டம்ளர் கொண்டுவந்து வைத்தேன். கண்ணாடியில் ஒரு வசதி, டீ குறையவே இல்லை என்பது தூரத்திலிருந்தே தெரியும். அவர்களும் யோசிக்கப் போனார்கள்.

அவர்கள் கார் தெருவைத் தாண்டியதும் மதினி வந்தாள். மேஜையில் டம்ளர்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் ஆடை. ஒற்றை டம்ளர் ஆறினாலே துடித்துப்போகிறவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பவி பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டம்ளர்களை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். குழாயை நிறுத்தாமல், திரும்பாமல் சொன்னாள்:

"அப்பா, இன்னும் ஒரே ஒரு தடவை. அதுக்கு மேல ஆறின டம்ளரக் கழுவ என்னால முடியாது."

என் மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மதினி அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்று என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அடுத்த தடவை டீ என் பொறுப்பு. நீங்க அடுப்பாங்கரைப் பக்கம் வரக்கூடாது."

மதினி இப்போது எதிர் வீட்டில் இல்லை. திருப்பூரில் மகன் வீட்டோடு போய்விட்டாள், அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு. அந்த வீட்டில் வேறு ஆள் குடியிருக்கிறார்கள். நல்லவர்கள்தான், டீ ஆறினால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வீடியோ காலில் மதினி வருவாள். செல்வி டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேசுவதைப் பார்த்துவிட்டால், "போன வையி. குடிச்சிட்டுக் கூப்பிடு" என்று வைத்துவிடுவாள். நான் சொல்ல வந்தது அவள் இங்கே இருக்கும்போது மூன்றாவதாக வந்தவர்களின் கதை.

மாப்பிள்ளைக்கு தூத்துக்குடியில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை. அப்பா இல்லை. அம்மாவும் பெரியப்பாவும் கூட வந்தார்கள். பெரியப்பா நாகலாபுரம் பக்கம் மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிற சம்சாரி. வெள்ளை மீசை, அதைவிட வெள்ளை வேட்டி. உட்கார்ந்ததும், "நம்ம வழக்கம் தெரியும்லா? பேசி முடியாம கை நனைக்க மாட்டோம். டீ உட்பட" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் தலையாட்டிய ஆட்டலில் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

இந்தத் தடவை ரோஜாப்பூ போட்ட பீங்கான் கப்பும் சாசரும் கொண்டுவந்து செல்வியிடம் கொடுத்திருந்தேன். பவி வந்து கும்பிட்டுவிட்டு செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். மழை பற்றிப் பேசினோம். மக்காச்சோளத்தைத் தின்கிற படைப்புழு பற்றிப் பேசினோம். பேசினோம் என்றால் நான் பேசினேன். டீ வரவில்லை. பீங்கானுக்கும் எவர்சில்வருக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். டீ வரவில்லை. ஃபேனைக் கூட்டினேன், குறைத்தேன். மீசைக்காரர் கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பயத்தில் எனக்கு வாய் தானாக ஓடியது. எங்கள் கடையில் இட்லிக் கொப்பரை எத்தனை தினுசு உண்டு என்றுகூடச் சொல்லிவிட்டேன். பிறகு தடையை மீறி அடுப்பாங்கரைக்கு ஓடினேன்.

மதினி தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பால் பாத்திரத்தில் இருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. இல்லை, அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

"என்ன மதினி, பால் திரிஞ்சிட்டா?"

"பாலு நல்லாத்தான் இருக்கு."

"கேஸ் தீந்துட்டா?"

"நீங்கதான் சாகும்போதுகூட சிலிண்டர் புக் பண்ணுத ஆளாச்சே, எப்படித் தீரும்?"

"அப்ப டீ?"

"போடுதேன். குடிக்கிற ஆளு யாருன்னு தெரியட்டும்."

"மதினி, வந்தவங்களுக்கு டீகூடக் குடுக்காம இருந்தா ஊர் என்ன சொல்லும்?"

"ஊரா வந்து இந்த டம்ளரக் கழுவப்போகுது? பிள்ளதான கழுவுதா. ஆறுத டீய நான் போட மாட்டேன், கொழுந்தனாரே. போயி உக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தேன். நான் மட்டும்தான் சங்கடத்தில் இருப்பதாக நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மீசைக்காரருடைய சங்கடமும் எனக்குப் புரிய ஆரம்பித்தது. டீயைக் கௌரவமாகக் குடிக்காமல் இருப்பதற்கென்றே வந்திருக்கிற மனுஷன். குடிக்காமல் இருக்கவாவது ஒரு டீ முன்னால் வரவேண்டாமா? ஒன்றுமே இல்லாத மேஜைக்கு முன்னால் வீறாப்பாக உட்கார்ந்திருப்பது சாமானியமான காரியம் இல்லை. அதுவும் அது அவர் டீ குடிக்கிற நேரம். கொட்டாவியை மீசைக்குள் மறைத்தார். கடைசியில் அடக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்:

"கோவில்பட்டியில பாலு தட்டுப்பாடோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்பாங்கரை வாசலில் மதினி வந்து நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாலுக்குக் குறைவில்ல அண்ணாச்சி. குடிப்பியளா?"

"அதான் சொன்னம்லா தாயி. பேசி முடியாம கை நனைக்கது எங்க வழக்கமில்ல."

"நல்ல வழக்கம். நான் குத்தம் சொல்லல. எங்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. குடிக்கிற ஆளுக்குத்தான் அடுப்பு பத்தவைப்போம்."

"இது எங்கன உள்ள வழக்கம்? எத்தன நாளா?"

"இந்த வீட்டுலதான். இன்னைக்கு மத்தியானத்திலருந்து."

என் காதில் ரயில் போகிற மாதிரி இரைச்சல். அவ்வளவுதான், மூன்றாவதும் போயிற்று, எழுந்திருக்கப் போகிறார்கள் என்று வழியனுப்பக் கும்பிடுவதற்குக் கையைச் சேர்த்தேவிட்டேன். அப்போது மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு முந்தானைக்கு அடங்கவில்லை.

"அத்தானுக்கு இன்னைக்குத்தான் ஆள் வாய்ச்சிருக்கு" என்றாள், மீசைக்காரரைக் காட்டி. பிறகு மதினியிடம் கேட்டாள்: "அப்ப யாரு சொன்னா பத்தவைப்பிய?"

"பவி சொன்னா."

எல்லோரும் பவியைப் பார்த்தார்கள். பவி அவள் பெரியம்மாவைப் பார்த்தாள். இதுவரை வந்தவர்கள் யாரும் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை; சமைக்கத் தெரியுமா என்பதைக்கூட என்னிடம்தான் கேட்டார்கள். அவளை யாரும் எதுவும் சொல்லச் சொன்னது அதுவே முதல் தடவை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் இவங்ககிட்டப் பேசணும்" என்றாள், பையனைப் பார்த்து. பையன் பெரியப்பாவைப் பார்க்காமலே எழுந்துவிட்டான். அது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போனார்கள்.

அதற்கப்புறம் எங்களுக்கெல்லாம் படிக்கட்டைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து அடுப்பாங்கரைக்குப் போய் மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். போகப்போக உள்ளேயிருந்து இஞ்சி தட்டுகிற சத்தமும் இரண்டு பேர் பேச்சும் வந்தது. மீசைக்காரரும் நானும் மட்டும் எதிரும் புதிருமாக. அவர் என்னிடம் குரலைத் தணித்துக் கேட்டார்:

"அந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?"

"எதிர் வீட்டு மதினி."

"எதிர் வீடா?" என்றார். கொஞ்ச நேரம் மீசையைத் தடவிவிட்டு, "எங்க வீட்டுக்கு எதிர் வீடு காலியாத்தான் கிடக்கு" என்றார். சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று தெரியாமல் நான் இரண்டுக்கும் பொதுவாக ஒரு முகத்தை வைத்துக்கொண்டேன்.

மாடியில் சத்தமே இல்லை. பேசுகிறார்களா, பேசி முடித்து மௌனமாக நிற்கிறார்களா? மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளா? அவன் சொல்லிவிட்டானா? சொல்லிவிட்டு இறங்கி வர வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறார்களா? மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் உயரம் குறைவு, அது வேறு ஞாபகம் வந்து தொலைத்தது. நான் எழுந்து முதல் படியில் கால் வைத்தபோது மேலேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது. தினமும் நாலரை மணிக்குத் தெருவைத் தாண்டி வருமே, அதே சிரிப்பு. அதற்குப் பின்னாலேயே குரல்:

"பெரியம்மா... டீ போடுங்க!"

அடுப்பாங்கரையில் லைட்டர் அடிக்கிற சத்தம் கேட்டது. குரல் திரும்பவும் வந்தது: "இஞ்சி கூடப் போடுங்க பெரியம்மா. அவியளுக்கு இஞ்சி பிடிக்குமாம்."

செல்வி என்னைப் பார்த்தாள். 'இவங்க' என்று மேலே போனவள், எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷனைச் சொல்கிற மாதிரி 'அவிய' என்று இறங்கி வருகிறாள். செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு என்ன நிறைந்தது என்று தெரியவில்லை, படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் இறங்கி வருவதற்கு நான்தான் வழி விடவேண்டியிருந்தது.

மீசைக்காரர் பையனை நேராகப் பார்த்தார். "என்னப்பா? உனக்குச் சம்மதந்தானா?"

"டீ வரட்டும் பெரியப்பா" என்றான் அவன்.

வந்தது. என் ரோஜாப்பூ பீங்கானில் இல்லை. "சாசரும் கப்புமா இருந்தா ஊத்துததுக்கு முன்ன ஆறிரும்" என்று மதினி தன் வீட்டிலிருந்து கனத்த பழைய டம்ளர்களை எடுத்துவந்து வைத்திருந்தாள். இஞ்சி வாடை வீடு முழுக்க ஏறியது. ஆவி மேலே எழும்பி ஃபேன் காற்றில் கலைந்தது. பையன் முதலில் எடுத்தான். ஒரு வாய் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான், ஆனாலும் கீழே வைக்கவில்லை. பவி ஊதிக்கொண்டே சிரித்தாள். அவன் அம்மா எடுத்தாள், செல்வி எடுத்தாள். பெரியப்பா டம்ளரைத் துண்டால் பிடித்து மூக்குக்கு நேராகக் கொண்டுபோய் ஒரு தடவை மோந்தார். பிறகு மீசையை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, நிறுத்தாமல் குடித்தார். குடித்துவிட்டுக் காலி டம்ளரை மதினியைப் பார்த்து நீட்டினார்.

"இன்னொரு டம்ளர் கிடைக்குமா தாயி?"

"உங்களுக்கில்லாததா!" என்று மதினி வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு அப்படியே கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். ஒவ்வொரு கையாக, ஒவ்வொரு டம்ளராக. எல்லாம் காலி. பார்வை என்னிடம் வந்து நின்றது.

நான் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் எப்போது யார் டம்ளரைக் கொடுத்தார்கள் என்றே தெரியவில்லை. பவி சிரிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். குனிந்து பார்த்தேன். விளிம்புவரைக்கும் டீ. அதன் மேல் அழகாக ஆடை படிந்திருந்தது.

"என்ன கொழுந்தனாரே," என்றாள் மதினி, எல்லோருக்கும் கேட்கும்படி, "எல்லாருக்கும் முடிவாயிட்டு. உங்களுக்கு மட்டும் இன்னும் முடிவாகலையோ?"

வீடே சிரித்தது. பெரியப்பாவின் மீசைகூடச் சிரித்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஆடையோடு சேர்த்து ஒரே மடக்கில் குடித்தேன்.

இத்தனை வருஷமாக மதினி சொல்லிக்கொண்டிருந்தது பச்சைப் பொய். ஆறின டீ கசக்கவே இல்லை.